அரை மணி நேர வேலை

மதாருக்கு வண்டிச் சக்கரம் கழற்றி மாட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், மாமியார் வீட்டு வாசலில் கையெல்லாம் கிரீஸோடு அவன் குந்தியிருந்ததைப் பார்த்தவர்கள், ஆள் ஷார்ஜாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்திருக்கிறான் போல என்றே நினைத்துக்கொண்டார்கள். ஷார்ஜாவில் அவன் இருந்தது ஒரு சூப்பர் மார்க்கெட்டில். பால், தயிர், ரொட்டி இவற்றின் தேதியைப் பார்ப்பது, நாளைக்குக் கெடப்போவதை முன்வரிசைக்கு எடுத்து வைப்பது, இன்றைக்குக் கெட்டதைத் தூக்கிப் போடுவது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அதே வேலை. ஸ்பேனர் பிடித்த கையில்லை அது.

அதனால்தான் அவன் ஸ்பேனர் கேட்டு வந்து நின்றபோது குமரவேலுக்குச் சிரிப்பு வந்தது. காயல்பட்டினத்திலிருந்து ஆறுமுகநேரி போகிற சாலையில் குமரவேல் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். மதாரும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்.

"எதுக்குலே ஸ்பேனர்?"

"வண்டிக்குச் சக்கரம் மாத்தணும். அலாய் வீலைக் கழத்திட்டுப் பழைய கம்பி வீலை மாட்டணும்."

"யாரு மாத்துதது?"

"நான்தான்."

"நீயா? சைக்கிள் செயின் கழண்டாலே நான்தானலே ஒனக்கு மாட்டித் தருவேன். வண்டிய இங்கன தள்ளிட்டு வா. அரை மணி நேர வேல. நீ டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள மாட்டிருவேன்."

"இல்ல, நானே மாட்டிக்கிடுதேன்."

"ஒங்கிட்ட நான் காசா கேக்கப்போறேன்?"

"காசுக்குச் சொல்லலலே."

குமரவேலுக்கு அப்போதுதான் உறைத்தது, வண்டி எங்கே நிற்கிறது என்று. வேண்டிய ஸ்பேனர்களைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டான். ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் எடுத்து வைத்தான்.

"நட்டெல்லாம் உப்புக் காத்துல இறுகிக் கெடக்கும். எண்ணெய ஊத்தி ஒரு நாள் விட்டுரு. பெறவு பைய திருகு. கோவத்துல திருகுனேன்னு வையி, மரை போயிரும்" என்று மட்டும் சொன்னான்.

வண்டி நின்றது அவன் பெண்டாட்டி ஷம்ஸியாவின் வீட்டில். ஷம்ஸியாவின் வீடு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவான். அவன் பிறந்த வீடு உடன்பிறந்தவளுக்குப் போய்விடும், அங்கே அவள் புருஷன் வந்து உட்கார்ந்திருப்பான். நல்ல ஏற்பாடுதான், எல்லாம் நல்லபடியாக இருக்கிற வரைக்கும். மற்ற ஊரிலெல்லாம் தலாக் என்றால் பெண் அழுதுகொண்டே வெளியேறுவாள். இங்கே சொன்னவன்தான் வாசலில் செருப்பைத் தேட வேண்டும். மதார் அன்றைக்கு அதைக்கூட ஒழுங்காகத் தேடவில்லை. ஒரு காலில் தன் செருப்பும் ஒரு காலில் அங்கே வந்திருந்த மச்சானின் செருப்புமாகப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். வண்டி அங்கேயே நின்றுபோனது.

அக்காள் ஃபர்ஹத் இருப்பது அவன் பிறந்த வீட்டில்தான். அங்கே போய்ப் படுத்தான். அக்காள் முகம் சுளிக்கவில்லை, அத்தானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தானே. அவனாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு தன் செல்போன் கடை மாடிக்குப் போய்விட்டான். பகலில் கீழே யாரும் வராத கடை, ராத்திரி மேலே தூக்கம் வராத பாய்.

இத்தனைக்கும் காரணம் இரண்டு சக்கரம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வண்டி மதார் முதல் லீவில் வந்தபோது வாங்கியது. புதுப்பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து ஆத்தூர்ப் பாலம் வரைக்கும் போவான். பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தாமிரபரணி கடலை நெருங்கியும் அவசரமில்லாமல் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திரும்பும்போது மாமிக்குக் கொடிக்கால் வெற்றிலை வாங்கிக்கொள்வார்கள். லீவு முடிந்து அவன் விமானம் ஏறினால், அடுத்த லீவு வரைக்கும் வண்டியைத் துணி போட்டு மூடி வைப்பது ஷம்ஸியாவின் வேலை. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் துடைத்துத் துடைத்து வைத்தது அந்த வண்டியைத்தான்.

அந்த டிசம்பர்ப் பெருமழையில் ஊரே மூழ்கியபோது மதார் ஷார்ஜாவில் இருந்தான். வண்டி தண்ணீருக்குள் கிடந்தது. எஞ்சினைக் குமரவேல் எப்படியோ பிழைக்கவைத்துவிட்டான். சக்கரத்துக் கம்பிகள் மட்டும் துருவேறிப் போயின. அடுத்த வருஷம் சூப்பர் மார்க்கெட் கைமாறி, பழைய ஆட்களுக்கெல்லாம் சீட்டுக் கிழிந்தது. மதார் ஒரேயடியாக ஊர் திரும்பினான். வந்து பார்த்தால் வண்டியில் புத்தம்புது அலாய் வீல், கறுப்பில் பொன்நிறக் கோடு போட்டு மின்னுகிறது. நிறத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தன் காக்கா, அதாவது அண்ணன், ஹசன் அலியை வாங்கவைத்தவள் ஷம்ஸியா. வேலை போய்த் திரும்புகிற மனுஷன் வாசலிலேயே துருப்பிடித்த வண்டியைப் பார்த்து மனசு ஒடிந்துவிடக் கூடாது என்று அவளுக்கு எண்ணம். பழைய சக்கரங்கள் சாமான் அறைக்குப் போயின.

பெருநாள் விருந்தில் வந்தது வினை. ஹசன் அலி நல்ல மனுஷன், வாய்தான் அவனுக்கு எதிரி. வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ, மதாருடைய கடை ஓடுகிறதா என்று விசாரித்தார்கள். மதார் பதில் சொல்வதற்குள் ஹசன் அலி முந்திக்கொண்டான்.

"கட ஓடாட்டா என்னவே, வண்டி ஓடுதுல்லா? ஊடும் எங்க ஊடு, சக்கரமும் எங்க சக்கரம். மச்சான் சும்மா ஒக்காந்தாப் போதும், தானா ஓடும்."

சபை சிரித்தது. அது போகட்டும். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு பெண்ணாக ஷம்ஸியாவும் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பு மட்டும் அவன் காதில் தனியாக விழுந்தது. வருஷக்கணக்காகப் போனில் கேட்டே உயிர் வளர்த்த சிரிப்பாயிற்றே, அடையாளம் தப்புமா?

அன்றைக்கே 'ஏன் சிரித்தாய்' என்று கேட்டிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு வாரம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, மீன் குழம்பில் உப்புக் கூடிப்போன பேச்சில் வெடித்து, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டான். ஒரே தடவைதான் சொன்னான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஒரு தடவை சொன்ன தலாக்குக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். பெண் இத்தா என்கிற காத்திருப்புக் காலத்தை இருந்து முடிப்பதற்குள், 'உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன்' என்று புருஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரைக் கூட்ட வேண்டாம், விருந்து வைக்க வேண்டாம், பழையபடி புருஷன் பெண்டாட்டிதான். காலம் கடந்துவிட்டால் வாசல் மூடிக்கொள்ளும். பிறகு முதலிலிருந்து பெண் கேட்டு, அவள் சம்மதித்து, மறுபடி நிக்காஹ் முடிக்க வேண்டும். மதாருக்கும் இது தெரியும். மூன்று மாதம் என்று கணக்குப் போட்டு, கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் கடைசித் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டான். அரபு நாட்டுக்குப் போய் வந்தவனுக்குக் காலண்டர்தானே எல்லாம். ஒவ்வொரு தேதியாக அடித்து அடித்துத்தான் அவன் அத்தனை வருஷமும் லீவுக்குக் காத்துக் கிடந்தான்.

கோபம் முதல் வாரத்திலேயே செத்துப்போனது. ரோஷம்தான் சாகவில்லை. கடை மாடியில் படுத்துக்கொண்டு, அவள் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து அழுவான். விடிந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த வீட்டுச் சக்கரத்தைக் கழற்றி அந்த வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் மறுவார்த்தை என்று தனக்குத்தானே சபதம் போடுவான். அந்தச் சக்கரம் வண்டியில் இருக்கும்போது போய் வார்த்தையைச் சொன்னால், சக்கரத்தை விட மனசில்லாமல் மச்சான் திரும்பி வந்துவிட்டார் என்று ஹசன் அலி சொல்லமாட்டானா? தன் சக்கரம் மாட்டின தன் வண்டியின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று முடிவு செய்தான்.

அப்படியானால் குமரவேலிடம் கொடுத்து, அன்றைக்கே மாட்டி, அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தானே? இருக்கலாம். ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய்விட்டால் அந்த வாசலில் நிற்க அவனுக்குக் காரணம் ஏது? வார்த்தையைச் சொன்ன பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. நாலு நாள் அந்த வாசலில் கிடந்தால், அவள் இருமினாலும் கேட்கும், கண்ணாடி வளையல் சத்தமும் கேட்கும், அவள் மனசு எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒருமாதிரி பிடிபட்டுவிடும். சக்கரத்தைத் தானே மாற்றிக்கொள்வதென்று அவன் முடிவு செய்தது இந்த ஆசையில்தான். காலண்டரில் வட்டம் இன்னும் தூரத்தில் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் போனான். மாமிதான் கதவைத் திறந்தாள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், அழுது சிவந்த கண்.

"வாங்க மாப்பிள."

"சக்கரத்த மாத்திட்டுப் போவலாம்னு வந்தேன் மாமி. பழசு ரெண்டும் உள்ள கெடக்கும்."

மாமியின் முகம் விழுந்துவிட்டது. வேறெதற்கோ வந்திருக்கிறான் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்திருப்பாள். சாமான் அறையிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுவந்து தந்தாள். வண்டி, வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் துணி போர்த்தி நின்றது. துணியை எடுத்தால் தூசி இல்லை. இத்தனை நாளும் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

கொட்டகைக்கு நேரே ஒரு ஜன்னல். கீழ்க்கதவு கையகலம் திறந்திருந்தது. உள்ளே திரை.

முன்சக்கரத்து நட்டு அசையவில்லை. எண்ணெய் ஊற்றினான், குந்தி உட்கார்ந்தான், எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் மாமி டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இஞ்சியை நசுக்காமல் துருவிப் போட்ட டீ. அந்த வீட்டில் அப்படிப் போடுகிறவள் ஒருத்திதான். மாமிக்கு இஞ்சியே ஆகாது.

இப்படியாக ஒவ்வொரு நாளும் போனான். ஒரு நாள் ஸ்பேனர் சரியில்லை. ஒரு நாள் நட்டு இளகியது, ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. முன்சக்கரம் கழன்றபோது பிரேக் கட்டை தனியே விழுந்து, அதை எந்தப் பக்கமாக வைப்பது என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் போயிற்று. குமரவேலிடம் போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். எதற்குக் கேட்பான்? துருவேறின கம்பிகளை உப்புத்தாள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். ஒரு கம்பியைத் தேய்க்கிற நேரத்தில் ஒருவன் ஒரு வண்டியையே பெயிண்ட் அடித்து முடித்திருக்கலாம். அவனுக்கு என்ன அவசரம். உள்ளே வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் மதார் சந்தோஷமாக இருந்தான் என்பதுதான் நெஞ்சை அறுக்கிற விஷயம்.

ஒரு நாள் மாமி ஒரு சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் விட்டுவிட்டுப் போன பழைய சட்டை.

"நல்ல சட்டைல கறை ஆவுதாம். இதப் போட்டுக்கிடச் சொல்லுதா."

சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கிரீஸில் புரளப் போகிற சட்டைக்கு எவளாவது இஸ்திரி போடுவாளா? மதார் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். திரை அசைந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. முன்சக்கரம் மட்டும்தான் மாட்டியிருக்கிறது, பின்சக்கரம் அவர்களுடையதாயிற்றே என்று விழுங்கிவிட்டான்.

இடையில் ஒரு நாள் ஹசன் அலி வந்தான். அவனும் தன் பெண்டாட்டி வீட்டில்தான் இருக்கிறான், தாயைப் பார்க்க வந்திருந்தான். கொட்டகையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"சக்கரத்த யாரு மச்சான் கேட்டா? அன்னைக்கு என்னமோ வாய் தவறிச் சொல்லிட்டேன். இருக்கட்டும், விட்டுருங்க."

நல்ல வார்த்தைதான். மன்னிப்புக் கேட்டதற்குச் சமம்தான். ஆனால் மதாருக்கு அந்தச் சபையும் சிரிப்பும் நினைவுக்கு வந்து காது சூடாகிவிட்டது.

"எனக்கு வேண்டாம்" என்றான் வெடுக்கென்று. "இந்த ஊட்டுச் சாமான் எதுவும் எனக்கு வேண்டாம்."

ஹசன் அலி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு அன்றைக்கு வளையல் சத்தம் கேட்கவில்லை. மதார் அதைக் கவனித்தான், தொழப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மாமி இரண்டு தடவை வெளியே வந்தாள். முதல் தடவை டீயோடு வந்து, போகாமல் நின்றாள்.

"வேல இன்னைக்கு முடிஞ்சிருமா மாப்பிள?"

"இல்ல மாமி. பின்சக்கரம் அப்படியே கெடக்கு."

பொழுது சாய்கிற நேரத்தில் மறுபடி வந்தாள். கையில் ஒன்றுமில்லை.

"கொஞ்சம் வெரசா முடிச்சா என்ன? இன்னைக்கே முடிச்சிருங்களேன்."

எப்போது இடத்தைக் காலி பண்ணுவாய் என்று கேட்கிறாளோ என்று மதாருக்குச் சுருக்கென்றது. "அவசரமில்ல மாமி, இன்னும் ரெண்டு மூணு நாள் ஆவும். ஒங்களுக்கு எடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க" என்றான். மாமி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. டீ வந்தது. இஞ்சி இல்லை. தொழுகை நாள், விருந்தாளி யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். மறுநாளும் ஜன்னல் சாத்தியே இருந்தது. இனி நீட்டக் கூடாது, முடித்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வந்து பின்சக்கரத்தைப் பூட்டி, செயினைப் போட்டு, கடைசி நட்டை இறுக்கி, காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டான். கோணாமல் சுற்றியது. கழற்றிய அலாய் வீல் இரண்டையும் ஈரத்துணியால் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான். நெஞ்சு மாப்பிள்ளைக் கோலத்தில் முதல்முதலாக அந்த வீட்டுப் படியேறின அன்றைக்கு அடித்ததுபோல அடித்தது.

"மாமி, ஷம்ஸியாவக் கதவுகிட்ட வரச் சொல்லுங்க. ஒரு வார்த்த சொல்லணும்."

மாமி நகரவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஆள் வந்து நிற்கிற அரவம் கேட்டது. மதார் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஷம்ஸியா, ஒன்னிய நான் திரும்பச் சேத்துக்கிட்டேன்."

கதவுக்குப் பின்னால் ஒரு விம்மல் எழுந்து அடங்கியது. மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சு போச்சு மாப்பிள."

"என்ன மாமி முடிஞ்சு போச்சு? இன்னும் நாள் கெடக்கே. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், மூணு மாசம் இன்னும் ஆவல."

"அது காலண்டர் கணக்கு இல்ல மாப்பிள. பொம்பள ஒடம்புக் கணக்கு, மாசாமாசம் தூரமாவுறத வச்சு எண்ணுதது. மாசம் தெகையணும்னு இல்ல. வெள்ளிக்கிழமை விடியவே முடிஞ்சு போச்சு. அதான் வியாழக்கிழமை ரெண்டு தடவ வந்து கேட்டேன்."

ஆயிரம் பால் பாக்கெட்டைப் பார்த்த பார்வையில், எது நாளைக்குக் கெடும் என்று சொல்லிவிடுகிறவன் மதார். அவனுக்கு இந்த ஒரு தேதி தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை. பெண் கணக்கை எந்த ஆண்பிள்ளை வெளியே போய்க் கேட்பான்?

"வாயத் தொறந்து சொல்லிருக்கலாமே மாமி" என்றான்.

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாளே. அவுகளா வந்து சொன்னாத்தான், நாம கேட்டு வாங்கக் கூடாதுன்னா."

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஷம்ஸியா பேசினாள். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கேட்காத குரல்.

"நீங்க ஸ்பேனர எடுத்துட்டு வந்த அன்னைக்கே, சொல்லத்தான் வந்திருக்கியன்னு நெனச்சேன். டீ போட்டுக் குடுத்துட்டு இந்த ஜன்னல்கிட்டதான் நிப்பேன். இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு நின்னேன். நீங்க ஒவ்வொண்ணாக் கழத்திக்கிட்டே இருந்திய. இந்த ஊட்டுச் சாமான் எதுவும் வேண்டாம்னு சொன்னிய. நானும் இந்த ஊட்டுலதான கெடக்கேன்."

"அது சக்கரத்தச் சொன்னேன் புள்ள. ஒன்னியச் சொல்லல. அல்லா மேல சத்தியமா ஒன்னியச் சொல்லல."

"அன்னைக்கு நா சிரிச்சது தப்புத்தான். காக்கா பேச்சுக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் சிரிச்சேன். அதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா நீங்க?"

மதார் கதவருகே போனான். தொடவில்லை. இனி தொட உரிமையில்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"மறு நிக்காஹ் முடிச்சுக்கிடுவோம். ஹசன் அலி கால்ல வேணாலும் வுழுதேன். இப்பமே போய்க் கேக்கேன்."

"வேண்டாம். கேக்காதிய." அவள் அழுகையை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "மறுபடியும் ஏதாவது ஒண்ணுல ஒங்களுக்கு ரோஷம் வரும். நீங்க வெளிய ஒக்காந்து எதையாவது கழத்திக்கிட்டிருப்பிய, நா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருப்பேன். இன்னொரு தடவ நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவன் அங்கேயே நின்றான். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை. கடைசியில் குனிந்து ஸ்பேனர்களைச் சாக்கில் பொறுக்கிப் போட்டான். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது.

"அந்தச் சக்கரத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. ஒங்களுக்குன்னு பாத்துப் பாத்து வாங்குனது. இங்கன வச்சு நா என்ன செய்ய?"

மாமி ஒரு பழைய கயிறு கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து, ஷம்ஸியா உட்காருகிற பின்சீட்டில் வைத்துக் கட்டினான். பழைய சக்கரத்தில் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை ஊரெல்லாம் சொல்லுவார்கள். தாழியைத் தன் கையாலேயே உடைத்தவன் எங்கே போய்ச் சொல்லுவான்?

நேரே குமரவேலின் ஒர்க் ஷாப்புக்குத்தான் போனான். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு போக இடமும் இல்லை. குமரவேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்சக்கரத்தை அசைத்துப் பார்த்தான், செயினை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"பரவால்லியேலே, கோணாம மாட்டிருக்கியே." அப்புறம்தான் பின்சீட்டைப் பார்த்தான். "ஏம்லே, இதக் குடுக்கத்தானே கழத்துன? இதையும் கட்டித் தூக்கிட்டு வந்திருக்க?"

மதார் சாக்கைக் கீழே வைத்தான். குமரவேல் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டே, கேலியாகத்தான் சொன்னான், அவன் மேல் தப்பில்லை.

"இந்த ரெண்டு சக்கரத்துக்குப் போய் இத்தன நாளு! அன்னைக்கே எங்கிட்ட தந்திருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்லா."

"ஆமாலே" என்றான் மதார். "அன்னைக்கே தந்திருக்கணும்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பின்சீட்டில் கட்டியிருந்த சக்கரத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதான். குமரவேல் ஒன்றும் புரியாமல் கையில் ஸ்பேனரோடு நின்றான்.